எந்தக் குதிரை பெரிய குதிரை?

என்றோ ஓடி முடித்த பந்தயக் குதிரைகளில் எது சிறந்தது என்று எப்படிச் சொல்வது? ரங்கூன் சைக்கசான் மைதானத்தில் ஒரு காலத்தில் குதிரைகள் பறந்தன. 1962-இல் ராணுவம் ஆட்சிக்கு வந்தபின் பந்தயம் நின்றுபோனது. இனி ஓடவிட்டுப் பார்க்க வழியில்லை.

ஓடிய நேரத்தை வைத்துச் சொல்லலாமா? அதை நம்ப முடியாது. ஈரத்தரை எந்தக் குதிரையையும் மந்தமாக்கிவிடும். ரங்கூன் மழையைச் சொல்லவா வேண்டும்! அதற்குப் பதில் சுமந்த எடையைப் பாருங்கள். ஹேண்டிகேப் பந்தயத்தில் எல்லாக் குதிரைக்கும் வாய்ப்பு கிடைக்கட்டும் என்று, கெட்டிக்காரக் குதிரைக்குச் சேணத்தில் ஈயத்தகடு வைத்துப் பாரம் கூட்டுவார்கள். அத்தனை பாரத்தோடும் முந்தி வந்த குதிரை எதுவோ, அதற்குத்தான் என் ஓட்டு!