பழைய இசைத்தட்டு கணினியில் ஏன் தகரமாய் ஒலிக்கிறது?

அப்பா காலத்து இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்ற நினைக்கிறீர்கள். ரெக்கார்ட் பிளேயரின் கம்பியை மைக்ரோபோன் துளையில் செருகிப் பதிவு செய்தால் பாட்டு தகரம் தட்டுவதுபோல் கேட்கிறது. தபேலாவின் அடி ஒலி காணவே இல்லை. தட்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் தட்டில் குறையே இருக்காது.

தட்டில் வெட்டப்பட்டிருப்பது பாடிய ஒலி அப்படியே அன்று. தாழ்ந்த ஒலிகளை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி, அடுத்த பள்ளத்தை இடிக்கும். மெல்லிய உச்ச ஒலிகளோ ஊசி உரசும் இரைச்சலில் மூழ்கிப்போகும். ஆகவே வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டிவிடுவார்கள். நடுத்தர ஒலியோடு ஒப்பிட்டால், 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய பத்து மடங்கு! இந்த அளவை 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்தது. பின்னர் அதுவே உலக வழக்கமாயிற்று.

இக்கணக்கைத் திருப்பிப் போடுவது 'போனோ' முன்பெருக்கியின் வேலை. ஊசி தரும் சில மில்லிவோல்ட் மின்சாரத்தைச் சுமார் நூறு மடங்கு உயர்த்துவதும் அதுவே. வீட்டிலுள்ள பழைய ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தைப் பாருங்கள். 'போனோ' என்ற துளை இருந்தால் பிளேயரை அதில் செருகி, 'டேப் அவுட்' துளையிலிருந்து கணினியின் 'லைன் இன்' துளைக்குக் கம்பி இழுங்கள். மடிக்கணினியில் அந்தத் துளை இல்லையென்றால் யுஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்று தேவைப்படும். புதிய பிளேயர்கள் சிலவற்றில் முன்பெருக்கி உள்ளேயே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒலி சிதறும். 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் பிளேயரின் மெல்லிய தரைக்கம்பியை ஆம்ப்ளிஃபையரில் இணைத்தீர்களா என்று பாருங்கள்.

பதிவு செய்ய 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளே போதும். பாட்டின் உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் ஒலியளவை வையுங்கள். கேசட் நாடா சற்று மிஞ்சினாலும் பொறுத்துக்கொள்ளும். கணினி பொறுக்காது, உச்சியைச் சீவிவிடும், பிறகு ஒட்டவைக்க வழியில்லை.

தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அவை வினைல் அல்ல, அரக்கு. நம் ஊர் ஈரக்காற்றில் படிந்த பூஞ்சணத்தைத் துடைக்க ஆல்கஹால் கலந்த திரவத்தை எடுத்தால் அரக்கே கரையும். பள்ளம் அகலமானது என்பதால் ஊசியும் வேறு. வினைல் ஊசியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பான முனை வேண்டும். சிறிய ஊசி அடியில் தங்கிய அழுக்கில் உரசி இரைச்சலைத்தான் தரும்.

கீறல் ஓசையை நீக்கும் வசதியை உடனே அழுத்தத் தோன்றும். முதலில் பதிவை அப்படியே 'வேவ்' கோப்பாகத் தனியே சேமியுங்கள். இருபது நிமிடப் பக்கத்துக்கு, குறுவட்டுத் தரத்தில், ஏறக்குறைய 200 மெகாபைட் இடம் போதும். மிருதங்கத்தின் கூர்மையான முதல் அடியையும் சில வேளைகளில் மென்பொருள் கீறல் என்றே எண்ணி வெட்டிவிடும்; அப்போது திரும்பிப்போக அந்தக் கோப்புதான் இருக்கும்.