வழி அறிவிக்கும் திசைவி: தீவு வலையமைப்பில் ஒரு சிறு சேவையின் பொறுப்பு

பெரிய நிக்கோபார்த் தீவின் தென்கோடியில், இந்திரா முனையில், 1972-ஆம் ஆண்டு முதல் ஒரு கலங்கரை விளக்கம் இருந்து வருகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் அங்கு நிலம் நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. விளக்கின் அடித்தளம் கடல்நீரில் ஆழ்ந்தது, கோபுரமோ வீழவில்லை. இத்தகைய விளக்கிடம் மாலுமி எதனையும் வினவுவதில்லை. குறித்த இடைவெளியில் அது மின்னுகிறது. அதனைக் கண்டு அவர் தம் வழியை அறிகிறார்.

கணினி வலையமைப்பிலும் இதனை ஒத்த ஓர் ஏற்பாடு உண்டு. அலுவலகத்திலுள்ள கணினிகளுக்கு, “வெளியுலகிற்குச் செல்லும் வழி இதோ” என்று இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும் சிறு சேவையே அது. எவர் கண்ணிலும் படாமல் பின்னணியில் இயங்கும் இச்சேவை பிழைபட்டால், நல்ல கம்பியும் நல்ல கருவியும் இருந்தும் பயனில்லை. தீவுகளில் பணியாற்றுவோர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தீவுகளை இணைக்கும் கம்பி

சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2024-இல் இந்நகருக்கு ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. முன்னாளில் இணையத் தொடர்புக்குத் தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. நிலநடுக்கோட்டிற்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு ஒரு வினா ஏறி இறங்கி, அதன் விடையும் அவ்வாறே ஏறி இறங்க, ஏறக்குறைய அரை வினாடி ஆகும்.

2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழைக் கம்பி தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கம்பி, போர்ட் பிளேயரையும், சுவராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களையும் சென்னையுடன் இணைக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைக் கடந்து மீள அதற்குச் சில மில்லிவினாடிகளே போதும். ஆனால் கரையேறிய கம்பியின் பயன் பள்ளியின் மேசைக்கு எட்டவேண்டுமானால், அங்குள்ள கணினி தன் வாயிலை அறிந்திருத்தல் வேண்டும்.

கணினி வழியறிவது எவ்வாறு?

ஓர் அறைக்குள் இருக்கும் கணினிகள் தம்முள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். வெளியே அனுப்பவேண்டிய பொதிகளைத் திசைவியிடம் ஒப்படைக்கும். களப்பணியாளர் ரூட்டர் என்று வழங்கும் கருவியே திசைவி. அதனைக் கண்டறியும் முறை ஒன்று 1991-இலேயே பழைய இணைய நெறிமுறைக்கு வகுக்கப்பட்டது. எனினும் அது பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை. இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பிலோ இதுவே அடிப்படை ஏற்பாடாயிற்று. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010-இல் வெளியிட்ட தேசியச் செயல்திட்டம் இப்பதிப்பிற்கு மாறும் வழியை வகுத்தது.

கணினியை இயக்கியவுடன் அது, “திசைவி எவரேனும் உளரோ?” என்று வினவுகிறது. விடை வாராவிடின் நான்கு வினாடி இடைவெளியில் மும்முறை வரை வினவும். திசைவி அரை வினாடிக்குள் விடை தருகிறது. எவரும் வினவாதபோதும், இயல்பான அமைப்பில், 200 முதல் 600 வினாடிக்கு ஒருமுறை தானே அறிவிக்கிறது. இடைவெளி ஒரே சீராக இல்லாமல் மாறிமாறி அமைவதற்குக் காரணம் உண்டு. பல திசைவிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் நெரிசல் ஏற்படும். அதனைத் தவிர்க்கவே இம்முறை.

அறிவிப்பில் முகவரியின் முற்பகுதியான 64 இருமத் துகள்களும் அடங்கும். எஞ்சிய 64-ஐக் கணினி தானே அமைத்துக்கொண்டு முழு முகவரியைப் பெறுகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தில் இப்பணியை ஆர்.ஏ.டி.வி.டி. என்னும் சேவையும், பி.எஸ்.டி. வகை இயங்குதளங்களில் ஆர்.டி.ஏ.டி.வி.டி. என்னும் சேவையும் ஆற்றுகின்றன. எந்த இணைப்பு முகத்தில் அறிவிப்பது, எந்த முற்பகுதியை அறிவிப்பது, எவ்வளவு காலத்திற்கு அறிவிப்பது என்பவற்றை ஒரு சிறு அமைவுக் கோப்பில் எழுதிவைத்தல் போதும்.

அறிவிப்பு ஓர் உறுதிமொழி

கலங்கரை விளக்கம் தன் இருப்பிடத்தை மட்டுமே கூறும். திசைவியின் அறிவிப்போ, “என் வழியே செல்லலாம், இத்துணைக் காலம் வரை இது மெய்” என்று உறுதி கூறுகிறது. அக்காலம் வழக்கமாக 1,800 வினாடி, அதாவது அரைமணி நேரம். முறைப்படி நிறுத்தும்போது சேவை காலத்தைச் சுழியமாக்கி இறுதி அறிவிப்பொன்றை விடுக்கிறது. கணினிகள் உடனே அதனைக் கைவிடுகின்றன. மின்சாரம் திடீரென அற்றால் இவ்விடைபெறுதல் நிகழாது. எனினும் அண்டையிலுள்ள திசைவி மறுமொழி தரவில்லை என்பதைக் கணினி விரைவில் கண்டு, வேறொன்று இருப்பின் அதனை நாடும்.

இதனினும் அரிய இடர் ஒன்று உண்டு. திசைவி நன்றாக இயங்குகிறது. அதற்கப்பால் உள்ள வெளித்தொடர்பு அறுந்துவிட்டது எனக் கொள்வோம். சேவை அதனை அறியாது. வழக்கம்போல் வழி உண்டென்று அறிவித்துக்கொண்டே இருக்கும். கணினிகளும் நம்பிப் பொதிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஓர் அலுவலகத்தில் கடலடிக் கம்பிக்கு ஒரு திசைவியும் செயற்கைக்கோளுக்கு மற்றொரு திசைவியும் உள்ளன என்போம். 2005-இல் வகுக்கப்பட்ட விதிப்படி முன்னதற்கு உயர்ந்த முன்னுரிமையும் பின்னதற்குத் தாழ்ந்த முன்னுரிமையும் அறிவிக்கலாம். ஆனால் கம்பி அறுந்தபின்னும் முதல் திசைவி பழைய உறுதிமொழியையே கூறுமாயின், மாற்றுவழி இருந்தும் எவரும் அதனை நாடார். நோயாளியின் படத்தைச் சென்னைக்கு அனுப்ப முயலும் மருத்துவர் அதன் விளைவை உணர்வார். ஆகவே வெளித்தொடர்பைக் கண்காணிக்கும் சிறு நிரலொன்றை அமைத்து, அது அறும்போது திசைவிக் காலத்தையும், அந்த முற்பகுதியை விரும்பிப் பயன்படுத்தும் காலத்தையும் சுழியமாக்குதல் வேண்டும்.

பொய்விளக்கு

எவரேனும் தவறாக அமைத்த மடிக்கணினி ஒன்றைச் சுவிட்சில் இணைத்தால், அதுவும் தன்னைத் திசைவியென அறிவிக்கக்கூடும். மற்றக் கணினிகள் அதனை ஐயுறுவதில்லை. பொதிகள் போக்கிடமின்றி மடியும். அறிவிப்பில் கடவு எண் 255 ஆக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் இவ்வெண் ஒன்று குறையும். ஆதலால் வெளியிலிருந்து வரும் போலி அறிவிப்பு தானே தள்ளப்படும். உள்ளேயே எழும் போலியை இவ்விதி தடுக்காது. அதற்காகவே 2011-இல் ஒரு காவல்முறை வகுக்கப்பட்டது. திசைவி இணைந்த துளை தவிர வேறெந்தத் துளையிலிருந்தும் வரும் அறிவிப்பைச் சுவிட்சே தடுத்துவிடும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. பொதிகளை முன்செலுத்தும் ஆற்றலைத் திசைவியில் முதலில் இயக்குக. செலுத்த இயலாத பொறி வழி அறிவித்தல் தகாது.
2. கோப்பைத் திருத்தியபின் அதனைச் சோதித்த பின்னரே சேவையைத் தொடங்குக.
3. மின்தடைக்குப்பின் சேவை தானே எழுகிறதா எனத் திசைவியை ஒருமுறை அணைத்து இயக்கிக் காண்க.
4. அறையில் எத்தனை திசைவிகளின் அறிவிப்புகள் கேட்கின்றன என எண்ணுக. எதிர்பார்த்ததினும் ஒன்று மிகுந்தால் அதனைத் தேடிக் கண்டுபிடிக்க.
5. வெளித்தொடர்பு அற்ற நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி, அறிவிப்பு மாறுகிறதா என நோக்குக.

ஆசிரியர்களுக்கு

வகுப்பில் ஒரு மாணவரைத் திசைவியாகவும் ஏனையோரைக் கணினிகளாகவும் நிறுத்தி இதனை எளிதில் விளக்கலாம். திசைவியாக நிற்பவர் இடையிடையே, “என் வழியே அஞ்சல் செல்லும், ஐந்து நிமிடம் வரை இது மெய்” என்பார். பின்னர் அவருக்குப் பின்புறமுள்ள கதவை மூடுக. அவர் தொடர்ந்து அவ்வாறே கூறினால் அஞ்சல்கள் அவர் கையில் குவியும். “இனி என் வழி இல்லை” என்று கூறினாலோ மாணவர் வேறு வாயிலைத் தேடுவர். அறிவிப்பு ஒலிப்பது வேறு, அது மெய்யாயிருப்பது வேறு என்பதைச் சிறுவரும் இதனால் உணர்வர். தீவில் வலையமைப்பைப் பேணுவோரின் முதற்கடமையும் இவ்வுணர்விலேயே தொடங்குகிறது.