மாணாக்கர் கையில் பத்திரிகை

சர்வகலாசாலை மாணாக்கர்கள் தாங்களே ஒரு செய்திப் பத்திரிகையை நடத்தலாமா என்ற பேச்சு எழும்பொழுதெல்லாம், "படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வேலை எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர் உளர். மற்ற ஊரார் எப்படிக் கேட்பினும், சேலம், நாமக்கல் ஜில்லாக்களைச் சேர்ந்தவர்கள் அவ்விதம் கேட்பது தகாது என்பது நமது அபிப்பிராயம். மாணாக்கர்கள் கைகொடுத்துத் தொடங்கிய ஒரு பத்திரிகையின் துணையை ஆபத்துக் காலத்தில் பெற்ற ஊர் சேலம்.

அந்த வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். 1878-ம் வருஷத்தில் ஸ்ரீ தி. முத்துசாமி ஐயர் சென்னை ஹைகோர்ட் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பீடத்தில் அமர்வதைச் சென்னையிலிருந்த ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் பொறுக்கவில்லை. வாய்க்கு வந்தபடி எழுதின. அவற்றுக்கு மறுமொழி கூற இந்தியர் கையில் வலுவான பத்திரிகை ஒன்றுமில்லை. அப்பொழுது ஆறு இளைஞர்கள் முன்வந்தனர். ஸ்ரீ ஜி. சுப்பிரமணிய ஐயரும், ஸ்ரீ எம். வீரராகவாச்சாரியாரும் உபாத்தியாயர்கள், மற்ற நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணாக்கர்கள். ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டு, செப்டம்பர் 20-ந் தேதி 'ஹிந்து' வாரப் பத்திரிகையை வெளியிட்டனர். படிப்பு முடியட்டும், பணம் சேரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால், சொல்ல வேண்டிய சொல் சொல்ல வேண்டிய வேளையில் வெளிவந்திராது.

நான்கு வருஷங்கள் சென்றன. 1882-ல் சேலத்தில் மசூதி சம்பந்தமான தகராறு முற்றிப் பெருங் கலகமாயிற்று. நகரசபை அங்கத்தினராயிருந்த ஸ்ரீ சி. விஜயராகவாச்சாரியார் அக்கலகத்தைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டப்பெற்றுப் பத்து வருஷத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டார். சர்க்கார் ஒரு பக்கம். தனி மனிதர் ஒரு பக்கம். அவ்வேளையில் நான்கே வயதான அந்தச் சிறு வாரப் பத்திரிகை சேலத்து வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டு, சர்க்கார் நடத்தையைக் கண்டித்து எழுதியது. ஹைகோர்ட் அவரை நிரபராதி என்று விடுவித்தது. பின்னர் 1920-ல் நாகபுரி காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் இவரே. தீர்ப்பைத் தந்தது நியாயஸ்தலம்; ஆனால் சேலத்தின் குறையைத் தேசத்தின் குறையாக்கியதில் பத்திரிகைக்குப் பங்குண்டு.

இனி அயல்நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஹார்வர்டு மாணாக்கரின் 'கிரிம்சன்' 1873 முதல் நடந்து வருகிறது. பிற்காலத்தில் ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதற்குத் தலைவராயிருந்து தொழில் பழகியவர். பெர்க்கிலியில் மாணாக்கர் எழுதிய ஒரு தலையங்கம் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை, ஆசிரியர்கள் விலக்கப்பட்டனர். மாணாக்கர்கள் அடங்கிப் போகவில்லை. 1971-ல் 'டெய்லி கலிபோர்னியன்' சர்வகலாசாலையை விட்டுப் பிரிந்து தன் காலில் நின்றது. ஸ்டான்போர்டு மாணாக்கரின் 'டெய்லி' பத்திரிகையும் 1973-ல் தனி ஸ்தாபனமாயிற்று. அந்தச் சுதந்திரத்தின் பலன் ஐம்பது வருஷங்களுக்குப் பின் வெளிப்பட்டது. அச்சர்வகலாசாலையின் தலைவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சில படங்கள் திருத்தப்பட்டிருப்பதாக எழுந்த ஐயங்களை, 2022 நவம்பரில் முதலாண்டு மாணவர் ஒருவர் அதில் எழுதினார். விசாரணைக் குழு ஆராய்ந்தது. தலைவர் தாமே மோசடி செய்யவில்லை என்றும், பிழைகளைத் தக்கபடி திருத்தத் தவறினார் என்றும் கண்டது. 2023 ஜூலையில் அவர் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார். அப்பத்திரிகையின் பணப்பெட்டி அத்தலைவரின் கையில் இருந்திருப்பின் அச்செய்தி அச்சேறியிருக்குமா? வாசகர்களே யோசிக்கட்டும்.

நமது கலாசாலைகளில் எழுத்தார்வத்துக்குக் குறைவில்லை. கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது தமிழ் மாணாக்கரின் பழைய வழக்கம். ஆண்டு மலர்களும் வெளிவருகின்றன. ஆனால் ஆண்டு மலர் வேறு, செய்திப் பத்திரிகை வேறு. மலரில் வாழ்த்துரை இருக்கும், கவிதை இருக்கும், பரிசு வாங்கினோர் படம் இருக்கும். விடுதிச் சோறு ஏன் கெட்டது, தேர்வு முடிவு ஏன் தாமதித்தது, உபகாரச் சம்பளம் ஏன் வந்து சேரவில்லை என்பவற்றுக்கு அதில் இடமிராது. இவற்றை விசாரித்து, இரு தரப்பையும் கேட்டு, எழுதுவதே பத்திரிகைத் தொழில்.

சேலத்தில் 1997-ல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக் கழகத்தின் கீழ் நான்கு ஜில்லாக்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும், சேகோ ஆலைத் தொழிலாளி மகளும், நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர் மகனும் அங்கே படிக்கின்றனர். 2022 ஜூலையில் அப்பல்கலைக் கழகத்தின் எம்.ஏ. சரித்திரத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று பொருள்படும் வினா ஒன்று கேட்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சர்க்கார் விசாரணைக்கு உத்தரவிட்டது. அவ்வினாவால் புண்பட்டவர்கள் தேர்வுக் கூடத்தில் பேனாவுடன் அமர்ந்திருந்த மாணாக்கர்கள். தமக்கு நேர்ந்த அவமதிப்பைத் தம் சொல்லால், தம் பத்திரிகையில் எழுதும் உரிமை அவர்களுக்கன்றி வேறு எவருக்கு முதற்கண் உரியது?

மாணாக்கர் பத்திரிகை கட்சிகளின் கைக்கருவியாகிவிடும் என்பர் சிலர். பொறுப்பின்றி அவதூறு எழுதும் என்பர் வேறு சிலர். இவ்வச்சங்கள் ஆதாரமற்றவை என்று நாம் கூறோம். இவற்றுக்குப் பரிகாரம் பத்திரிகையைத் தடுப்பதன்று. நல்ல விதிகளை வகுப்பதே. ஆசிரியரை மாணாக்கரே வருஷந்தோறும் தெரிந்தெடுக்க வேண்டும். கட்சிப் பணமும் வேண்டாம், அதிகாரிகள் நினைத்தபொழுது நிறுத்தக்கூடிய மானியமும் வேண்டாம். சந்தாவும் விளம்பரமுமே போதும். வரவு செலவுக் கணக்கைப் பத்திரிகையிலேயே வெளியிட வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் விடையைக் கேளாமல் ஒரு வரியும் அச்சிடலாகாது. தவறு நேர்ந்தால், தவறான செய்தி வந்த அதே பக்கத்தில் திருத்தம் வர வேண்டும். அச்சுக்கு முன் அதிகாரி பார்வையிடுவது என்ற வழக்கம் மட்டும் அறவே கூடாது. பேராசிரியர்கள் கேட்டபொழுது ஆலோசனை கூறலாம், பேனாவைப் பிடித்துக்கொள்ளலாகாது.

பெருஞ் செலவுள்ள காரியமும் அன்று இது. மாதம் இருமுறை நான்கு பக்கம் போதும். கல்லூரிக்கு ஒரு நிருபர், ஊருக்கு ஒரு விற்பனையாளர், சேலத்தில் ஓர் அச்சகம். ஆத்தூர் மாணாக்கரின் குறையை ஓசூர் மாணாக்கர் அறிவதற்கு இவ்வளவே தேவை.

ராஜீய வாழ்வில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாணாக்கரை ஊர்வலத்துக்கு அழைக்க நீங்கள் தயங்குவதில்லை. அவர்கள் உங்களையே கேள்வி கேட்டு எழுதும்பொழுது முகஞ்சுளியாமலிருப்பீர்களா? சந்தா கட்டுங்கள், கட்டளையிடாதீர்கள். அன்று ஒன்றேமுக்கால் ரூபாய் கடனில் பிறந்த பத்திரிகையால் சேலம் பெற்ற நன்மைக்கு, இன்று இவ்வூர் தன் மாணாக்கருக்குச் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.