மூக்கோரத்தில் தொடங்கும் வேட்கை

கரு உருவாகி ஆறேழு வாரம் ஆகியிருக்கும். முகம் இன்னும் முகமாகவில்லை. மூக்கு வரவேண்டிய இடத்தில் இரண்டு சிறு குழிவுகள் மட்டும் தெரியும். அந்தக் குழிவுகளின் உட்புறத்திலிருந்து சில செல்கள் புறப்படுகின்றன. வாசனை நரம்பின் இழைகளைப் பற்றிக்கொண்டே மெல்ல ஊர்ந்து, மூளைக்குள் நுழைந்து, அதன் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸுக்குப் போய்க் குடியேறுகின்றன. போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் கொண்ட மனித மூளையில் இவை வெறும் சில ஆயிரம்தான். ஆனால் பிறக்கப்போகும் பெண் குழந்தை ஒருநாள் பூப்பெய்துவதும், மாதந்தோறும் அவளுக்குள் கருமுட்டை முதிர்வதும், அவள் உடலில் வேட்கை அரும்புவதும் இந்தச் சில ஆயிரம் செல்களை நம்பியே இருக்கின்றன. அந்த வாசனை நரம்பிழைகள் சரியாக வளராமல் இவை வழியில் நின்றுவிட்டால் பருவம் தானாக வராது, வாசனையும் தெரியாமல் போகும். கால்மன் நோய்க்குறி என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். முகர்தலையும் மோகத்தையும் ஒரே இடத்தில் பிறக்கவைத்த அந்தப் பேரறிவை நினைத்துக் கைகூப்பாமல் இந்தப் பாடத்தை என்னால் கடக்க முடிந்ததில்லை.

குடியேறிய செல்கள் சுரப்பது பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னஞ்சிறு ஹார்மோன். அதன் அமைப்பைக் கண்டறிய ஆண்ட்ரூ ஷாலியின் குழு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைப்போதலாமஸைச் சேகரிக்க வேண்டியிருந்தது. அவருக்கும் ரோஜே கியமனுக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைவிட என்னை நெகிழவைப்பது எர்ன்ஸ்ட் நோபில் 1970-களில் குரங்குகளில் கண்டது. இந்த ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் பிட்யூட்டரி சுரப்பி செவிடாகிவிடுகிறது. மணிக்கொரு முறை, விட்டு விட்டுக் கொடுத்தால் விழித்துக்கொள்கிறது. பெண்ணின் உடலில் மாதத்தின் முற்பாதியில் ஒன்று, ஒன்றரை மணிக்கொரு முறை இந்தத் துடிப்பு எழும். முட்டை வெளிப்பட்ட பிறகு சில மணி நேரத்துக்கு ஒன்று என அடங்கும். அவள் சமைக்கும்போதும் உறங்கும்போதும் இந்தத் தாளம் நின்றுவிடுவதில்லை.

பிட்யூட்டரி வழியாக அந்தத் தாளத்தைக் கேட்டு வேலை தொடங்குவது சினைப்பை. முதிரும் முட்டையைச் சுற்றி இரண்டு அடுக்குச் செல்கள் இருக்கின்றன. வெளி அடுக்கு கொலஸ்டிராலை எடுத்து ஆண்ட்ரோஜன்களை, அதாவது டெஸ்டோஸ்டிரோனையும் அதன் உறவுகளையும், உருவாக்கித் தருகிறது. உள் அடுக்கு அவற்றை வாங்கி, அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண் ஹார்மோன் என்று நாம் பெயர் சூட்டி ஒதுக்கிய பொருள் வழியாக வராமல் ஒரு பெண்ணின் உடலில் ஒரு துளி ஈஸ்ட்ரோஜனும் உருவாவதில்லை. மாதத்தின் பெரும்பாலான நாட்களில் அவள் ரத்தத்தில் முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடையாலைவிட டெஸ்டோஸ்டிரோனே அதிகம். திருச்செங்கோட்டு மலையில் அம்மையும் அப்பனும் ஓருருவாக நிற்பதைத் தொழுதவர்களுக்கு இது புதுமையாக இராது.

எல்லாம் எவ்வளவு சிறிய அளவில் நடக்கிறது தெரியுமா? உச்ச நாளில்கூட ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எஸ்ட்ரடையால் சில நூறு பிக்கோகிராம்தான். உடலில் ஓடும் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கும். கண்ணுக்கே தெரியாத அந்த அளவு, ஒரு பெண்ணின் மனத்தைத் தொடுகிறது.

எப்படித் தொடுகிறது என்பதைக் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரோனியும் சக்கரி சிம்மன்ஸும் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். பெண்கள் நாள்தோறும் உமிழ்நீர் மாதிரி கொடுத்து, அன்றைய விருப்பம் எப்படி இருந்தது என்பதையும் குறித்துவந்தார்கள். எஸ்ட்ரடையால் ஏறினால் இரண்டு நாள் கழித்து வேட்கை ஏறியது. முட்டை வெளிப்பட்டபின் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏற, வேட்கை இறங்கியது. எல்லோரும் எதிர்பார்த்த டெஸ்டோஸ்டிரோனின் அன்றாட ஏற்ற இறக்கமோ பெரிதாக எதையும் சொல்லவில்லை. கரு தங்கக்கூடிய நாட்களில் விருப்பத்தைத் தூண்டி, கர்ப்பப்பை காத்திருக்கும் நாட்களில் அமைதியைத் தரும் இந்த ஒழுங்கு தற்செயலாக வந்ததென்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் பெரிய அதிசயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. பெண் கினிப்பன்றிக்குப் பிறப்புறுப்பு வாயையே ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். சினைப்பருவத்திலும் ஈனும்போதும் மட்டும் அது திறக்கும். பெண் எலி தன் முதுகை வளைத்து ஆணை ஏற்பதும் ஹார்மோன்கள் கூடிவரும் அந்தச் சில மணி நேரத்தில்தான். அங்கே ஹார்மோன் வைத்ததே சட்டம். மனிதப் பெண்ணுக்கு அந்தப் பூட்டு கிடையாது. எந்த நாளிலும் அவளால் கூடமுடியும், எந்த நாளிலும் அவளால் மறுக்கவும் முடியும். ஹார்மோன் அவள் காதில் ஒரு சொல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. களைப்பு, பயம், பகலில் விழுந்த ஒரு சுடுசொல், இவற்றில் ஏதேனும் ஒன்றே அந்தச் சொல்லை அழித்துவிடும். கனிவு அதை வளர்க்கும். மனத்தின் பங்கு இதில் எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று உண்டு. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் இழந்த 75 பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பட்டை ஒட்டிப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. கூடுதல் அளவு பட்டை பலன் தந்தது. மருந்தே இல்லாத பட்டையை ஒட்டியிருந்த வாரங்களிலும் கணிசமான முன்னேற்றம் தெரிந்தது! படைத்தவன் பெண்ணிடம் இவ்வளவு உரிமையை விட்டுவைத்திருக்கும்போது, அதைப் பிடுங்க வேறு யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

பிள்ளை பெற்றவளிடம் இதையே வேறு விதமாகக் காணலாம். குழந்தை மார்பில் வாய் வைத்ததும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. மூளையின் அந்தத் துடிப்பு தணிந்து, ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்து, உறுப்பு வறண்டு, விருப்பம் குறைகிறது. கையிலிருக்கும் சிசுவுக்காக அடுத்த கருவைத் தள்ளிப்போடும் கருணை அது. கணவனுக்கு இது தெரியாததால் எத்தனை வீடுகளில் முகம் திரிந்திருக்கும்! மார்பில் பாலை இறக்கும் ஆக்ஸிடோசின்தான் கலவியின் உச்சத்திலும் சுரக்கிறது. ஒன்பதே அமினோ அமிலம் கொண்ட அதை 1953-இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினார். தாய்மைக்கும் தாம்பத்தியத்துக்கும் ஒரே பொருள் போதுமானதாக இருக்கிறது.

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் மாதவிடாய் நிற்கிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் சட்டென்று சரியும். உறுப்பின் தோல் மெலிந்து கூடலில் வலி வரலாம். வெட்கப்பட்டு மறைக்கவேண்டிய விஷயமில்லை. பெண் மருத்துவரிடம் சொன்னால் அந்த இடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பெரும்பாலும் போதும். டெஸ்டோஸ்டிரோனின் கதை வேறு. இருபதுகளிலிருந்தே மெல்லக் குறைந்துவந்த அது, மாதவிடாய் நிற்கும்போது அப்படிச் சரிவதில்லை. முட்டைகள் தீர்ந்த சினைப்பையும் அட்ரீனல் சுரப்பிகளும் அதற்கான சரக்கைத் தொடர்ந்து தருகின்றன. வேட்கை பிள்ளைப்பேற்றுக்கு மட்டுமே என்றால் இந்த வயதோடு அது முழுவதும் அவிந்திருக்க வேண்டும். ஆனால் அறுபதிலும் அதற்கு மேலும் கணவனை விரும்பும் பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.