கடல்மேல் ஒரு கயிறு – 9: கியர்பாக்ஸ் கிடைக்காத டால்ஃபின்

மீட்பு ஹெலிகாப்டர் என்றாலே கயிற்றில் தொங்கும் நீச்சல் வீரர்தான் எல்லார் கண்ணிலும் நிற்கிறார். இந்த வாரம் அவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, உதிரிபாகக் கிடங்குக்குப் போவோம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பாஸ்குவோடாங்க் ஆற்றங்கரையில் எலிசபெத் சிட்டி என்று ஓர் ஊர். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர்கள் முறை வைத்து இங்கே வந்து, வெறும் கூடாகும்வரை கழற்றப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டுக் கிளம்பும்.

இங்கே நெடுங்காலமாக வந்துபோகும் இயந்திரம் எச்.எச்-65 டால்ஃபின். 1979-இல் தேர்வானது. பிரான்ஸின் ஏரோஸ்பேசியால் நிறுவனத்து டோஃபான்தான் இதன் மூலம். ஆனால் அரசுப் பணத்தில் வாங்கும் பொருளில் பாதிக்கு மேல் உள்நாட்டுச் சரக்காக இருக்க வேண்டும் என்றது அமெரிக்கச் சட்டம். கணக்கு நேராக, பிரெஞ்சு உடலுக்கு அமெரிக்க லைகமிங் எல்.டி.எஸ்-101 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தினார்கள். கணக்கு அதிகாரிக்குத் திருப்தி. விமானிக்குத்தான் தலைவலி: போதாத சக்தி, பறக்கும்போதே சக்தி இறங்கிய சம்பவங்கள். ஒருவழியாக 2004-இல் எஞ்சினை மாற்ற முடிவானது. வந்தது டர்போமெக்காவின் ஆரியேல். இரட்டை எஞ்சின் டோஃபானுக்குப் பிரான்ஸில் பூட்டியிருந்த அதே எஞ்சின் குடும்பம்! இதற்கு இருபது வருடம் சுற்றியிருக்க வேண்டியதில்லை.

சக்தி சுமார் 40 சதவீதம் கூடியது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, புது எஞ்சின் பூட்டிய சில டால்ஃபின்களும் அங்கே போயின. புழுக்கத்தில், காற்றசைவே இல்லாத நேரத்தில், கூரைமேல் அசையாமல் நின்று ஆளைத் தூக்குவதுதான் ஹெலிகாப்டருக்கு மிகக் கடினமான வேலை. கையிருப்புச் சக்தி இருந்தால் ஒரே நடையில் இன்னும் இரண்டு பேரை ஏற்றலாம். அந்தப் புயலில் காவல்படை மீட்டவர்கள் மொத்தம் 33,500-க்கும் மேல்.

எஞ்சின் பிரச்சினை தீர்ந்தது. அடுத்து வந்தது கியர்பாக்ஸ். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் எஞ்சின் வேகத்தைக் குறைத்து, மேலே இறக்கைக்குச் சுமார் 350 சுற்றாகக் கொடுப்பது அதுதான். எஞ்சின் இரண்டு உண்டு, ஒன்று நின்றாலும் சமாளிக்கலாம். பிரதான கியர்பாக்ஸ் ஒன்றே ஒன்று. அதில் கோளாறென்றால் பறக்கவே கூடாது.

சட்டகங்கள், தரைப்பலகைகள், கண்ணாடிக் கூண்டு எல்லாம் மாற்றி, டால்ஃபினின் ஆயுளை 20,000 மணி நேரத்திலிருந்து 30,000-க்கு நீட்டும் திட்டம் எலிசபெத் சிட்டியில் நடந்துகொண்டிருந்தது. நடுவிலேயே, 2018-இல், ஏரோஸ்பேசியாலின் வாரிசான ஏர்பஸ் இந்த ரகத்தின் உற்பத்தியை நிறுத்தியது. கியர்பாக்ஸ் போன்ற பெரிய பாகங்கள் கிடைப்பது குதிரைக்கொம்பானது. உடம்பு உறுதியாக இருக்கிறது, உள்ளே வைக்கப் பாகம் இல்லை! ஆயுள் திட்டம் போட்டவர்கள் முதலில் உற்பத்தியாளரிடம் கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது.

இப்போது காவல்படை, பெரிய எம்.எச்-60டி ஜேஹாக் ஒன்றே போதும் என்ற முடிவுக்கு நகர்கிறது. கடற்படை ஓய்வுகொடுத்த சீஹாக் ஹெலிகாப்டர்களின் கூடுகளை எலிசபெத் சிட்டிக்குக் கொண்டுவந்து, ஜேஹாக்காக மாற்றுகிறார்கள். ஜேஹாக்கைத் தயாரித்த சிகோர்ஸ்கி நிறுவனத்திடம் புதுக் கூடுகளும் வாங்குகிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் தளம் 2022-இல் ஜேஹாக்குக்கு மாறிவிட்டது. ஆனால் ரோந்துக் கப்பல்களின் சிறிய இறங்குதளத்துக்கு டால்ஃபின்தான் தோது. அதனால் கரைத் தளங்களில் விடுபடும் டால்ஃபின்களின் பாகங்கள், கப்பலோடு போகிற டால்ஃபின்களுக்குக் கைகொடுக்கின்றன.

(தொடரும்)