மூட்டைக்குள் செல்லும் கை

எங்கள் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடைபெறும் நாளன்று ஒரு காட்சியைக் காணலாம். வியாபாரி, மூட்டையின் வாயில் தெரியும் பருத்தியை மட்டும் நம்பி விலை கூறுவதில்லை. உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிரித்துப் பார்க்கிறார். ஈரம் உண்டா, கொட்டு ரகம் கலந்துள்ளதா என்று ஆராய்கிறார். அருகில் நிற்கும் உழவர் அதற்காகச் சினம் கொள்வதில்லை. அதே கை நள்ளிரவில், உரியவர் உறங்கும்போது, அதே மூட்டைக்குள் நுழையுமாயின் அதன் பெயர் வேறு. இன்று நாம் ஆராயப் புகும் பொருளுக்கு இவ்வேறுபாடே அடிப்படையாகும்.

கணிப்பொறித் துறையில் ஊடுருவற் சோதனை என்று ஒன்று உண்டு. கள்வன் எவ்வாறு நுழைவானோ அவ்வாறே ஒரு வல்லுநர் நுழைந்து பார்ப்பதுதான் அது. ஆயின், எந்தப் பொறி, எத்தனை நாள், எவ்வளவு தொலைவு என்பவை முன்னதாகவே எழுத்தில் வரையறுக்கப்படுகின்றன. சோதனை முடிந்தபின், எங்கே ஓட்டை இருந்தது, எவ்வாறு அடைப்பது என்ற அறிக்கையை உரிமையாளரிடம் அவர் ஒப்படைக்கிறார். ஓட்டை அடைபட்டதா என்று மறுமுறையும் பார்ப்பதுண்டு.

இத்தொழிலைப் பற்றிப் பலருடைய மனத்திலுள்ள சித்திரமோ கதைகளிலிருந்து வந்தது. 1984ஆம் ஆண்டில் வில்லியம் கிப்சன் எழுதிய ‘நியூரோமான்சர்’ என்னும் நாவல், ‘சைபர்பங்க்’ எனப்படும் புனைகதை வகையின் தலைவாயில் எனலாம். அதன் நாயகன் கேஸ் ஒரு தகவல் திருடன். பெருநிறுவனங்களின் காவல் அரணுக்குப் ‘பனிக்கட்டி’ என்பது அக்கதையில் வழங்கும் பெயர். அதனை உடைப்பதே வீரம். ஒப்புதற் கடிதத்திற்கும் அறிக்கைக்கும் அங்கே இடமில்லை.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இவ்வகைக்கு நெருங்கியது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நாவல், ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியைச் சித்திரிக்கிறது. நிலா என்னும் எளிய பெண்ணும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் அவ்வாட்சியின் பூட்டுகளுக்குள் புகுகின்றனர். இங்கும் வாசகரின் அன்பு நுழைபவர் பக்கமே. அது நியாயமுங்கூட, கொடுங்கோலனிடம் ஒப்புதல் கேட்க இயலாதன்றோ!

இதில் வியப்பு யாதெனின், சுஜாதா என்னும் ரங்கராஜன் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்; மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். அவ்வியந்திரம் 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் முதன்முதலாகத் தேர்தலில் பயன்பட்டது. அவர் 2008இல் மறைந்தார். இரண்டாண்டு கழித்து, அவ்வியந்திரமே ஊடுருவற் சோதனைக்கு உள்ளாயிற்று.

2010இல் ஹைதராபாத் பொறியாளர் ஹரிபிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் ஆலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்க்ரெய்ப் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஓர் இயந்திரத்தைத் திறந்து ஆராய்ந்தனர். எண்ணிக்கையைக் காட்டும் பலகையை மாற்றினால் பொய்க்கணக்குக் காட்டச் செய்யலாம் என்றும், நினைவகத்திலுள்ள வாக்குகளை மாற்றலாம் என்றும் செய்துகாட்டினர். முத்திரையும் காவலும் உள்ள நிலையில் இது நடைபெறாது என்பது தேர்தல் ஆணையத்தின் மறுமொழி. இயந்திரம் அவர்கள் கைக்கு வந்த வழி குறித்த வழக்கில் ஹரிபிரசாத் அவ்வாண்டு ஆகஸ்டில் கைதாகிப் பின்னர்ப் பிணையில் வெளிவந்தார்.

இங்கேதான் நம் பருத்தி மூட்டையை நினைவுகூர வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவில், உரிமையாளரின் அனுமதியின்றி என்ற சொற்களை வைத்தே குற்றத்தை வரையறுக்கிறது. தீய எண்ணமும் சேருமாயின், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். ஆகவே அனுமதியே எல்லைக்கோடு. ஆனால், மூட்டை பொதுமக்களுடையதாக இருக்கும்போது அனுமதி அளிக்க வேண்டியவர் யார்? அதனைக் காப்பவர் எவர் கையும் உள்ளே வரலாகாது என்பாராயின், பொதுமக்கள் எதனைக் கொண்டு நம்புவது?

விடை மெல்ல வந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம், வாக்காளர் தம் வாக்கைக் கண்ணால் காணும் காகிதச் சீட்டு முறையைப் படிப்படியாகக் கொண்டுவரப் பணித்தது. 2019 மக்களவைத் தேர்தலில் அது எல்லா வாக்குச்சாவடிகளுக்கும் வந்தது. 2024 ஏப்ரலில் அந்நீதிமன்றம், சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டுமென்ற கோரிக்கையை மறுத்தது. எனினும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்தில் கோரினால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காட்டு இயந்திரங்களின் நுண்கட்டுப்பாட்டு நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதிக்க வழிவகுத்தது.

கதை வீரனின் துணிவும் திறமையும் நமக்குத் தேவைதாம். அவை பகலில், பலர் அறிய, எழுத்தில் கணக்கு வைத்துச் செயற்பட வேண்டும் என்பதே நாம் சேர்க்க வேண்டிய அத்தியாயம். நல்ல பருத்தி கொண்டுவந்த உழவர், வியாபாரியின் கை உள்ளே செல்வதைக் கண்டு அஞ்சுவதில்லை. மூட்டையின் வாயை அவரே அவிழ்த்து வைக்கிறார்.