கேள்வித்தாள் மறந்த வரலாறு

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 211 மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் போனது. வீட்டில் செல்லப்பிராணி உண்டா? வளாகத்தில் திரியும் ஸ்டார்லிங் பறவைகளைப் பிடிக்குமா? மனிதன் குரங்கினத்திலிருந்து வந்தவன் என்பதை ஏற்கிறீர்களா? தேசியப் பூங்காக்கள் பலவற்றை மூடி, நிலத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமா? கூடவே, நீங்கள் எந்த இனம்?

இந்தப் பதில்களை வைத்து, பொருளியல் பேராசிரியர் நிக்கோலி நாட்ராஸ் எழுதிய சிறு கட்டுரை 2020 மே மாதம் ‘சவுத் ஆஃப்ரிகன் ஜர்னல் ஆஃப் சயின்ஸ்’ இதழில் வெளியானது. கறுப்பின மாணவர்கள் உயிரியல் படிப்புகளை ஏன் அவ்வளவாக நாடுவதில்லை என்று அது ஆராய்ந்தது. பள்ளிக்கல்வியின் ஏற்றத்தாழ்வும் காரணமாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, பணம், வேலை குறித்த ஆசைகளிலும் காட்டுயிர் மீதான மனப்பான்மையிலும் விடை தேடியது.

வளாகம் கொந்தளித்தது. கறுப்பினக் கல்வியாளர்கள் கண்டித்தார்கள். பல்கலைக்கழக நிர்வாகமும் அவர்களோடு சேர்ந்து கண்டித்தது. ‘இது முதல்கட்டத் தேடல்தான்’ என்று நாட்ராஸ் வாதாடினார். இதழ், ஜூலையில் எதிர்வினைகளையும் அவருடைய பதிலையும் சேர்த்துத் தனிச் சிறப்பிதழாகவே கொண்டுவந்தது.

சம்மதம் யாருடையது?

கையில் அகப்பட்டவர்களிடம் கேட்டுத் திரட்டிய பதில்கள் இவை. அந்த வளாகத்து மாணவர்கள் அத்தனை பேருக்கும்கூட இவை பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. தலைப்போ ‘கறுப்பினத் தென்னாப்பிரிக்க மாணவர்கள்’ என்று நாடு முழுவதையும் அளந்தது. கேள்விக்குப் பதில் சொன்ன மாணவர் தன் சார்பில் மட்டுமே சம்மதம் தருகிறார். முடிவின் சுமையோ, அந்தத் தாளைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் தலையிலும் ஏறுகிறது. ஆய்வின் பலன் யாருக்கு, பாரம் யாருக்கு என்று கேட்பதை ஆய்வு நெறியின் அடிப்படைகளில் ஒன்றாக அமெரிக்காவின் பெல்மாண்ட் அறிக்கை 1979-லேயே வைத்தது. தனிமனிதருக்கு மட்டுமின்றி, ஒரு சமூகத்துக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

நிலத்தின் நினைவு

தென்னாப்பிரிக்காவில் இனம் என்பது கட்டத்தில் இடும் வெறும் டிக் குறி அல்ல. 1953-ல் வந்த பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தரம் தாழ்ந்த பள்ளிக்கல்வியை வகுத்தது. 1959-ல் வந்த இன்னொரு சட்டம், அரசின் தனி அனுமதி இல்லாமல் அவர்கள் கேப்டவுன் போன்ற பல்கலைக்கழகங்களில் சேரக் கூடாது என்றது. அந்தச் சட்டங்கள் போய்விட்டன. அவை விட்டுச்சென்ற பள்ளங்கள் தூர்ந்துவிடவில்லை.

பூங்காக்களுக்கும் வரலாறு உண்டு. 1969-ல் மாக்குலெக்கே மக்களைப் பாஃபுரி பகுதியிலிருந்து வெளியேற்றி, அந்த நிலத்தை க்ரூகர் தேசியப் பூங்காவோடு சேர்த்தார்கள். போராடி, 1998-ல்தான் அந்த மக்கள் நில உரிமையை மீட்டார்கள்.

அப்படியொரு குடும்பத்துப் பெண் அந்தக் கேள்வித்தாளைக் கையில் வாங்கியிருந்தால்? ‘நிலத்தைக் கொடுத்துவிடலாம்’ என்று குறித்திருந்தால், அது காட்டுயிர் மீதான அக்கறைக் குறைவாகப் பதிவாகியிருக்கும். அவள் பாட்டி விட்டுவந்த அடுப்பங்கரை எந்தக் கட்டத்திலும் அடங்கியிருக்காது. கேள்வியை எழுதும் மேசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும்.